சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கவா?

சென்னை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் உள்ள பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். கொழும்புக்கு வடக்கே, அந்நகரின் விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவுக்கு 645. பின்னது முன்னதைப் போல இரு மடங்கிற்குச் சற்றே குறைவு. ஆயினும் பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் இரண்டுக்கும் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரைதான் இருக்கும் என்பதால், முதன்முறை செல்பவர்கள் இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணிவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் விமானம். பலாலிக்குப் பறக்கும் ஏடிஆர் 72, இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் செல்லும். கொழும்புக்குச் செல்லும் ஜெட் விமானங்கள் 800 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. மேலும், சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, இறங்கி மீண்டும் நிற்கும் வரையிலான நேரம் அது. தொலைவு குறையக் குறைய இந்தத் தரைநேரத்தின் பங்கு கூடுகிறது. 2006 முதல் இலங்கையும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

உண்மையான வேறுபாடு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. பலாலியிலிருந்து யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்குள். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களையும் பனைகளையும் பார்த்துக்கொண்டே அரை மணி, முக்கால் மணியில் வீட்டு வாசலுக்குப் போய்விடலாம். கட்டுநாயக்கவில் இறங்கினால் இன்னும் 350 கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. வாகனம் அமர்த்தினாலும் ஆறேழு மணி நேரம் ஆகும், இரவுப் பேருந்து என்றால் விடிந்துதான் ஊர். முழங்கால் வலியுள்ள ஒரு தாயை அழைத்துச் செல்பவருக்கு இந்த ஆறு மணி நேரம் எத்தனை பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை.

போர்க்காலத்தில் மூடுண்டு கிடந்த இந்த வான்வழி 2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டபோது மீண்டும் உயிர்பெற்றது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் திரும்பியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. தெற்கு நோக்கிப் பறக்கையில் வலப்பக்க ஜன்னலில் அமர்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், சோழமண்டலக் கரை மெல்ல மேற்கே விலகிப்போவதைக் காணலாம். நான் எப்போதும் அந்தப் பக்கத்தையே கேட்டு வாங்குவேன்.

கட்டுநாயக்கவின் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பல விமானங்கள் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்கும். பலாலியில் அந்த வசதி இல்லை. சிறிய விமானம் என்பதால் பெட்டிகளின் எடையையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இறுக்கமான நாள்கணக்கில் திருமணத்துக்கோ மரணச் சடங்குக்கோ செல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருச்சி, தஞ்சைப் பக்கத்தவர்களுக்குச் சென்னை வரை வருவதே வீண். திருச்சியிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்தான். 2025 மார்ச் இறுதியில் அங்கிருந்தும் சேவை தொடங்கியது.

கண்டி, காலி, மலையகம் செல்பவர்கள் கட்டுநாயக்கவையே தேர்ந்துகொள்ளலாம். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் மட்டுமல்ல, வவுனியா வரைக்கும் சாலைத் தொலைவில் பலாலிதான் கிட்ட.