கொல்லைக் கதவில் பூனைக்கு ஒரு கதவு: இரண்டு வருடத்தில் கண்டது

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு. பொழுது சாய்ந்தால் கொசு, கொல்லைக் கதவைத் திறந்து வைக்க முடியாது. கொசுவலை அடித்தால் குட்டி மிளகு அதில் ஏறி ஏறியே கிழித்துவிடுவாள். இரண்டாம் முறை வலை மாற்றிய பிறகு, 2024 ஏப்ரலில் பூனைக்கதவு ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் சட்டம், தள்ளினால் திறக்கும் ஃப்ளாப், அடியில் காந்தம். உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், இரண்டுக்கும், முழுப் பூட்டு என்று நாலு நிலை.

குட்டியைப் பார்த்த ஆசாரி, தரையை ஒட்டியே வெட்டிவிடலாம் என்றார். குட்டி குட்டியாகவே இருக்குமா? ஃப்ளாப்பின் அடி, வளர்ந்த பூனையின் வயிற்று உயரத்துக்கு வரவேண்டும். ஐந்தாறு அங்குலம் விட்டு வெட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் செங்கல் போட்டேன். பொங்கலுக்குள் செங்கல்லை எடுத்தாகிவிட்டது.

பழக்கியதில் முதல் தப்பு என்னுடையது. மாட்டிய அன்றே அவளைத் தூக்கி ஃப்ளாப் வழியே தள்ளிவிட்டேன். காந்தம் 'டக்' என்று ஒட்டியதும் அலறிக்கொண்டு ஓடியவள், மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் ஃப்ளாப்பை முழுக்கத் தூக்கி டேப் ஒட்டி, வெறும் ஓட்டையாக விட்டேன். அந்தப் பக்கம் அவித்த நெத்திலியோடு நான் உட்காருவேன். (கருவாடு வேண்டாம், அந்த உப்பு பூனைக்கு ஆகாது.) ஒரு வாரம் கழித்துப் பாதி இறக்கினேன். தலையால் முட்டிக்கொண்டு வந்தாள். முக்கால்வாசி இறக்கியபோது முன்னங்காலால் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். முழுக்க இறக்கியதும் மறுபடி அதே 'டக்', அதே ஓட்டம். காந்தத்தின் மேல் நாலு மடிப்பு டேப் ஒட்டிச் சத்தத்தை அடக்கி, இரண்டு நாளுக்கு ஒரு மடிப்பாக உரித்தேன். மொத்தம் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பூனைக்கு அறிவு போதாமல் இல்லை, அந்தச் சத்தம்தான் பிடிக்கவில்லை.

வெறிநோய் ஊசியும் கருத்தடை ஆபரேஷனும் முடியும்வரை கொல்லையில் நான் கூட இருக்கும்போது மட்டும்தான் பூட்டைத் திறந்தேன். இப்போதும் இருட்டியதும் 'உள்ளே வர மட்டும்' நிலைக்கு மாற்றிவிடுவேன். வந்தால் வந்ததுதான், தெருநாய் பயம் இல்லை. வாங்கியதில் எனக்குப் பிடித்த வசதி இது ஒன்றுதான்.

குறை என்றால், முதலில் உப்புக்காற்று. கூடவே வந்த ஸ்குரு அத்தனையும் எட்டு மாதத்தில் துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்ட பிறகு தொல்லை இல்லை. அடுத்தது மழை. வெட்டிய விளிம்புக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது இங்கே கொட்டிய மழையில் வேப்பம்பலகை ஊறி உப்பி, சட்டத்தை நெருக்கி, ஃப்ளாப் அசையவே இல்லை. தண்ணீர் வடிந்து கதவு காய்ந்த பிறகு விளிம்பைச் சீவி பிரைமர் அடித்தோம். புதிதாகப் போடுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பெரிய குறை பக்கத்துத் தெருக் கடுவன். மிளகு ஒரு மாதம் படித்ததை அவன் மதில்மேல் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டான். காந்தம் எல்லாப் பூனைக்கும்தானே திறக்கும்? நம் பூனையின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் வகை உண்டு, ஆனால் விலை பல மடங்கு. அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார்.

இதை எழுதும்போது அடுப்படியில் சோற்றுக் கிண்ணம் உருள்கிறது. மிளகு என் மடியில் தூங்குகிறாள்.