பருவுக்குப் பூசும் மருந்துகள்: பென்சாயில் பெராக்சைடா, அடபலீனா, வேறொன்றா?

பருவுக்கு மருந்து தேடுகிறவர் முன் பெரும்பாலும் நான்கு பெயர்கள் வந்து நிற்கும்: பென்சாயில் பெராக்சைடு, அடபலீன், அசெலாயிக் அமிலம், கிளிண்டமைசின். எது வலுவானது என்று கேட்டு வாங்குகிறவர்களே அதிகம். தன் முகத்தில் இருப்பது எந்த வகைப் பரு, தன் தோல் எவ்வளவு தாங்கும் என்று யோசித்து வாங்குகிறவர்கள் குறைவு. முகம் எரிந்து தோல் உரிந்ததும் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த மருந்தும் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனம் வெதும்பும் இளைஞர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பல நேரம் கோளாறு மருந்தில் இருப்பதில்லை. பூசிய அளவிலும் காட்டிய அவசரத்திலும்தான் இருக்கிறது.

மயிர்க்கால் துளையில் இறந்த செல்களும் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போது பரு தொடங்குகிறது. துளை மூடியிருந்தால் வெண்புள்ளி, வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்த அடைப்புக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடல் அதை எதிர்க்கும்போது சிவந்த பருவும் சீழ்ப்பருவும் கிளம்புகின்றன. இன்று கண்ணில் படும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் உருவாகத் தொடங்கியது.

பென்சாயில் பெராக்சைடு நேராக பாக்டீரியாவைத் தாக்குகிறது; துளைக்குள் ஆக்சிஜனை வெளியிட்டு அதைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போவதுபோல் பாக்டீரியா இதற்குப் பழகுவதில்லை. பல பத்தாண்டுகளாகப் புழங்கியும் இதன் மதிப்பு குறையாததற்கு அதுவே காரணம். 2.5, 5, 10 சதவீதங்களில் கிடைக்கிறது. அதிகம் என்றால் சீக்கிரம் குணமாகும் என்று கை 10-ஐத்தான் எடுக்கும். ஆனால் சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீத ஜெல் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு நிகராகவே நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 10-இல் கூடுவது எரிச்சலும் உரிதலும்தான். அதனால் 2.5-இல் தொடங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதுவும் எரிந்தால், சில நிமிடம் வைத்திருந்து கழுவிவிடும் ஃபேஸ் வாஷ் வகை இருக்கிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு: சாயத்தை வெளுத்துவிடும். தலையணை உறை, துண்டு, சட்டைக் காலர், புருவ ஓரத்து முடி எதுவும் தப்பாது. இரவில் பூசுகிறவர்கள் வெள்ளை உறைக்கு மாறிவிடுவது நல்லது. டியூபை வெயில் படும் இடத்திலோ நிறுத்திய காருக்குள்ளோ வைக்கவே கூடாது. சூட்டில் இந்த வேதிப்பொருள் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீனைத் தரும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 95 தயாரிப்புகளைச் சோதித்து 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது: 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. சில மட்டும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பீதியடையத் தேவையில்லை, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, காலாவதி தேதியைப் பார்த்துப் பயன்படுத்தினால் போதும்.

அடபலீன் வேறு வழியில் வேலை செய்கிறது. வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. செல்கள் ஒட்டிக்கொண்டு துளையை அடைப்பதையே இது தடுக்கிறது. அதனால் வெண்புள்ளியும் கரும்புள்ளியும் மிகுந்த முகத்துக்கு இதற்கு ஈடு மற்ற மூன்றிலும் இல்லை. 0.1 சதவீத ஜெல்லை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க 2016-இல் அமெரிக்கா அனுமதித்தது. சீட்டு கட்டாயமாக இருக்கும் நாடுகளும் உண்டு. இதே குடும்பத்தில் மூத்ததான ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் வீரியம் இழக்கும், தோலையும் கூடுதலாக எரிக்கும். முதன்முதலாக ரெட்டினாய்டைத் தொடுகிறவருக்கு அடபலீனே ஏற்றது.

இதைப் பூசும் விதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்கிறார்கள். நாளை வரப்போகும் பரு இன்று வெறும் தோலாகத் தெரியும் இடத்தில் இருக்கிறது. ஆகவே பரு வரும் பகுதி முழுவதற்கும் மருந்து போக வேண்டும். அதற்காக அள்ளிப் பூசவும் கூடாது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். இரவில் மென்மையான சோப்புநீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றிலும் உலரும் வரை பொறுத்திருங்கள். ஈரத் தோலில் எரிச்சல் கூடும். பிறகு நெற்றி, மூக்கு, தாடை, இரு கன்னங்கள் என்று ஐந்து புள்ளிகளாக வைத்து மெல்லிசாகப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாய் ஓரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தோல் முதலில் வெடிப்பது அங்கேதான். மேலே மாய்ஸ்சரைசர் போடலாம். தோல் மென்மையானது என்றால் மருந்துக்கு முன்பே ஒரு பூச்சு மாய்ஸ்சரைசர் போட்டுவிடலாம். முதல் இரண்டு வாரம் மூன்று இரவுக்கு ஒரு முறை, பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு, தோல் ஒத்துக்கொண்ட பிறகே தினமும். பகலில் குறைந்தது எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன் கட்டாயம். பூசும் காலத்தில் முகத்தில் வாக்ஸிங் செய்தால் மேல்தோலே கையோடு வந்துவிடும்.

முதல் சில வாரங்களில் பருக்கள் கூடுவதுபோலத் தோன்றலாம். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், பாவம். உண்மையான பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். சிவந்த பருவில் பென்சாயில் பெராக்சைடு சற்று முன்னதாகவே பலன் காட்டும்.

இரண்டில் எது? வெறும் அடைப்புப் புள்ளிகள் என்றால் அடபலீன், சிவந்த பரு மட்டும் என்றால் பென்சாயில் பெராக்சைடு. பெரும்பாலான முகங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். அடபலீனோடு பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தால் எதுவும் கெடுவதில்லை, இரண்டும் ஒரே ஜெல்லாகவே வருகிறது. ட்ரெட்டினாயினின் பழைய வகைகளை மட்டும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் பூசக் கூடாது. தனித்தனியாக வாங்கினால் காலையில் பெராக்சைடும் இரவில் அடபலீனும் போடலாம். ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எரிந்தால் எதனால் எரிந்தது என்று தெரியாமல் போகும்.

அசெலாயிக் அமிலத்துக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். 15 அல்லது 20 சதவீதத்தில் வரும் இது மெதுவாகவே வேலை செய்யும். அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024 வழிகாட்டுதலும் முதல் இரண்டுக்குத் தந்த அழுத்தமான பரிந்துரையை இதற்குத் தரவில்லை. ஆனாலும் மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் பரு போன பின் மாதக்கணக்கில் தங்கும் கருமையை இது குறைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக ஏற்றதாகக் கருதப்படுகிறது. ரெட்டினாய்டுகளையோ கர்ப்ப காலத்திலும் கருத்தரிக்க முயலும்போதும் தவிர்ப்பதே முறை. அசெலாயிக் அமிலம் பூசியதும் சுருக்கென்று குத்தும், அரிக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும்.

கிளிண்டமைசின் எரிக்காது, சட்டென்று இதமாக இருக்கும். அந்த இதமே ஆபத்து. ஆன்டிபயாடிக்கைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா அதற்கு அடங்காததாக மாறிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, மருத்துவர் சொன்ன காலம் வரை மட்டும் பூச வேண்டும். சாலிசிலிக் அமிலம் லேசான புள்ளிகளுக்குப் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முகம் முழுக்கப் பூசுமுன் சிறிய ஓரிடத்தில் மூன்று நாள் பூசிப் பாருங்கள். பென்சாயில் பெராக்சைடும் சாலிசிலிக் அமிலமும் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதால் 2014-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கொடுத்த அறிவுரை இது. லேசான வறட்சியும் உரிதலும் எதிர்பார்க்கக்கூடியவை. கண்ணோ உதடோ முகமோ வீங்கினால், தொண்டை இறுகினால், மூச்சுத் திணறினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இந்த ஒப்பீட்டுக்குள் வரவே தகுதியில்லாத ஒரு வகையும் உண்டு: ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்புகள். டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் பருவுக்கு வாங்காதீர்கள். சில நாள்களில் முகம் பளிச்சென்று ஆகும். நாளடைவில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஏற்கெனவே நீண்ட காலம் பூசி வந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

பரு அடங்கிய பிறகு கிளிண்டமைசினை நிறுத்திவிட வேண்டும். அடபலீனைத் தொடர்ந்தால்தான் புதிய அடைப்புகள் வராமல் இருக்கும். ஆழத்தில் கட்டிகட்டியாக வலியோடு பரு வந்தாலோ, குழி விழத் தொடங்கியிருந்தாலோ இந்த டியூப்களை மூன்று மாதம் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். பூச்சு மருந்து மட்டும் அதற்குப் போதாது. தழும்பு ஆழமாவதற்குள் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.