எஸ்.பி. ரோடு சென்சாரா, ரெடிமேடு புரோபா?

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சென்சார் வைத்து வேதியியல் செய்துகாட்ட நினைக்கும் பெங்களூர்க்காரர்களுக்கு வழி இரண்டு. வெர்னியர், பாஸ்கோ மாதிரி கம்பெனிகளின் ரெடிமேடு புரோப் (சென்சார் பொருத்திய அளவுக்கருவி) வாங்கினால் புளூடூத்தில் இணைந்து கிராஃபையும் அதுவே வரைந்துவிடும், விலைதான் கையைக் கடிக்கும். இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய் ஆர்டுயினோ போர்டு (நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டி சர்க்யூட் போர்டு), சென்சார், ஜம்பர் வயர் எல்லாம் வாங்கி நாமே கோர்த்துக்கொள்ளலாம் (பல கடைகளில் தமிழும் எடுபடும்).

வெப்பநிலைக்கு எஸ்.பி. ரோடே போதும். ஸ்டீல் உறை போட்ட டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரை வாங்குங்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடும் 50 மி.லி. வீதம் கலந்தால் சுமார் 6.8 டிகிரி ஏற வேண்டும். சென்சார் அரை டிகிரி தள்ளிக் காட்டினாலும் நமக்கு வேண்டியது வித்தியாசம்தானே. டேட்டா வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறந்தால் மட்டும் திரையில் -127 என்று வந்து நிற்கும். அப்புறம், அமிலம் ஸ்டீலை அரிக்கும், உடனே கழுவிவிடுங்கள்.

பி.எச். விஷயத்தில் என் ஓட்டு ரெடிமேடுக்கு. 25 டிகிரியில் ஒரு பி.எச். மாறினால் கண்ணாடி எலக்ட்ரோடில் கிடைப்பதே 59 மில்லிவோல்ட்தான், அதை மலிவு ஆம்ப்ளிஃபயர் போர்டு வழியாக வாங்கும்போது எண் நிற்காமல் ஆடும். வினிகரை சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்து அமிலம் பாதி நடுநிலையான இடத்தில் பி.எச். 4.76-ஐப் பிடிப்பதுதான் இதில் சுவாரசியமே (அசிட்டிக் அமிலத்தின் அமில மாறிலி அதிலிருந்துதான் கிடைக்கும்), நிறம் மாறி முடிவை மட்டும் சொல்லும் ஃபீனால்ஃப்தலீன் அதைக் காட்டாது. அங்கே 0.2 பிசகினால் அமில மாறிலி ஒன்றரை மடங்குக்கு மேல் தப்பாகிவிடும். எதை வாங்கினாலும் பி.எச். 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் காலிபரேட் செய்யாமல் தொடாதீர்கள். எலக்ட்ரோடு நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழைக் காயவிடவும் கூடாது, டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடவும் கூடாது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகலுக்காக மட்டும் என்றால் இரண்டுமே வேண்டாம். பர்மாங்கனேட் டைட்ரேஷனில் அதன் நிறமே முடிவைச் சொல்லிவிடும், பியூரெட்டில் கை பழகினால் போதும். தயோசல்ஃபேட்டோடு அமிலம் கலந்து, கந்தகம் கலங்கி, பீக்கருக்கு அடியில் தாளில் போட்ட பெருக்கல் குறி மறையும் நேரம் பார்ப்போமே, அதில் இப்போதா அப்போதா என்று சண்டை வரும். அதற்குக்கூடக் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும்: போனின் சென்சார்களையே அளவுக்கருவியாக்கும் ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலி இலவசம், விளக்குக்கும் போனுக்கும் நடுவே பீக்கரை வைத்தால் ஒளி குறைவது கோடாக இறங்கும். ஐபோனில் இது நடக்காது. கந்தக டை ஆக்சைடு நெடி மூக்கைத் துளைக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.