லாடமா, வெறுங்குளம்பா: அரம் யார் கையில் இருக்கிறது?

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், மார்வாரி இனக் குதிரை என்றால் காதின் வளைவையும் பார்ப்பார்கள். காலைத் தூக்கி அடிக்குளம்பைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் வாங்கி வந்த குதிரைக்கு லாடம் இல்லை என்று தெரிந்தால் போதும், ஊரே அதன் காலைக் குனிந்து பார்க்கும். ‘செருப்பு போட வக்கில்லாதவனுக்குக் குதிரை எதற்கு?’ என்பது அதில் நாகரிகமான விமர்சனம். நான் லாடத்தைக் கழற்றிய கட்சி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இரும்பு லாடம் தேய்மானத்தைத் தடுக்கும், கல்லில் மிதித்தாலும் உள்ளங்குளம்பைக் காக்கும். பதிலுக்குத் தார்ச்சாலையிலும் வழுவழுப்பான சிமெண்ட் தரையிலும் வழுக்கும், ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் மூட்டுக்கு ஏற்றும். வெறுங்குளம்புக்குப் பிடிப்பு நன்றாக இருக்கும், ஜல்லியில் வலிக்கும். வெறுங்குளம்புக் குதிரை மெத்தனமான வேலைக்குத்தான் லாயக்கு என்பவர்களுக்கு ஒரே ஒரு பதில். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஸ்வீடனின் பெடர் ஃப்ரெட்ரிக்சன், லாடமில்லாத ‘ஆல் இன்’ குதிரையில் தனிநபர் தடைதாண்டலில் வெள்ளி வாங்கினார். அணிக்கான தங்கத்தை வென்ற ஸ்வீடன் குதிரைகள் மூன்றில் இரண்டுக்கு லாடம் கிடையாது. அது மென்மணல் மைதானம், பின்னால் ஒரு மருத்துவப் படையே நிற்கும் என்று யாராவது சொன்னால் அதுவும் நியாயம்தான்.

தேய்மானத்தைக் கணக்காகவே பார்க்கலாம். குளம்புச் சுவர் மாதம் 6 முதல் 10 மி.மீ. வரை வளரும். அதைவிட வேகமாகத் தேய்கிற வேலை, அதாவது தினமும் தார்ச்சாலையில் வண்டி இழுப்பது போன்ற வேலை என்றால், லாடம் தேவை. வாரத்தில் நாலைந்து நாள் செம்மண் தடத்திலும் வயல் வரப்போரத்திலும் ஒரு மணி நேரம் ஏறி ஓட்டுகிறவருக்குப் பிரச்சினை தேய்மானம் இல்லை, வளர்ச்சிதான். குளம்பு தேயாமல் நீண்டு, ஓரம் விரிந்து பிளக்கும். நம் ஊரில் பொழுதுபோக்குக்குக் குதிரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை. தேவையே இல்லாத கவசத்தைப் போட்டுவிட்டு அதைப் பராமரிக்க ஆள் தேடி அலைகிறார்கள்.

அந்த ‘ஆள் தேடுவது’தான் என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டையே முடித்துவைக்கிற சங்கதி. லாடம் ஒருமுறை அடித்துவிட்டு மறந்துபோகிற பொருள் இல்லை. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். பந்தய மைதானமும் குதிரையேற்றப் பள்ளிகளும் இருக்கிற ஊர்களில் குதிரைக்கென்றே பழகிய லாடக்காரர் கிடைப்பார். மற்ற ஊர்களில் வருபவர் மாட்டுக்கு அடித்துப் பழகியவர். மாட்டுக் குளம்பு பிளவுபட்டது. குளம்புக்கு இரண்டு மெல்லிய தகடு, மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து வேலை. அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் குதிரைக் குளம்பில் ஆணி போக வேண்டிய இடம் மிகக் குறுகலானது: அடியில் தெரிகிற வெள்ளைக் கோட்டில் நுழைந்து, சுவருக்குள் வெளிப்பக்கமாக வளைந்து, சுவரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வெளியே வர வேண்டும். உள்ளே சில மி.மீ. தள்ளிப்போனால் உயிருள்ள சதை.

சதையிலேயே குத்தினால் குதிரை அப்போதே காலை இழுக்கும், இரத்தம் தெரியும். அதைவிடத் தொல்லை, சதையைத் தொடாமல் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஆணி. அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டும். சுத்தியலால் ஒவ்வொரு ஆணியையும் லேசாகத் தட்டினால் எந்த ஆணியில் காலை இழுக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதை எடுத்துவிட்டு, துளையைப் போவிடோன் அயோடின் கரைசலால் கழுவி, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதாக வரும். லாடம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தடுப்பூசி பாக்கி இருக்கக் கூடாது.

இன்னொரு தவறு மெதுவாகக் கொல்லும். கையில் இருக்கிற லாடத்தின் அளவுக்குக் குளம்பை அராவிச் சுருக்குவது. லாடத்தைத்தான் குளம்புக்கு ஏற்ப வளைக்க வேண்டும். குதிகால் பக்கம் லாடம் குளம்பைவிடக் கொஞ்சம் அகலமாக நிற்க வேண்டும். குளம்பு தரையை மிதிக்கும்போது குதிகால் விரியும். அதனால் குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி அடித்தால் அந்த விரிவு பூட்டப்படும். சின்ன லாடம், பின்னால் தள்ளிய ஆணி, மூன்று மாதம் கழற்றாமல் விடுவது, மூன்றும் சேர்ந்தால் ஒரே வருடத்தில் குதிகால் ஒடுங்கி, நடுவே ஆப்பு வடிவில் ரப்பர் போல இருக்கும் ஃபிராக் சுருங்கிப்போகும்.

வெறுங்குளம்பில் இந்தத் தவறுகள் கிடையாது, வேறு தவறுகள் உண்டு. ஆனால் அவற்றை உரிமையாளரே திருத்தலாம். ஓர் அரம், ஒரு குளம்புக் கத்தி, அழுக்கு எடுக்கும் கொக்கி, நல்ல கையுறை இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் அராவினால், பெரிய சீவலுக்கு ஆளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர் பத்து நாள் தாமதித்தாலும் குடி முழுகாது. லாடத்தில் அந்தப் பத்து நாளுக்குள் ஒரு ஆணி தளரும், லாடம் திரும்பிக்கொள்ளும், குதிரை தன் லாடத்தின் ஆணியையே மிதிக்கும்.

கழற்றுவதற்கும் முறை இருக்கிறது. மழை ஓய்ந்து தரை ஈரமும் காய்ச்சலுமாக மாறி மாறி வராத மாதமாகப் பாருங்கள். மடக்கிய ஆணி முனைகளை முதலில் நிமிர்த்தி அராவிவிட்டு, இடுக்கியால் குதிகாலிலிருந்து குளம்பின் முன்முனை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஒரே இழுப்பில் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து பெயரும். அன்று உள்ளங்குளம்பில் கத்தியே வைக்காதீர்கள். சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று வெள்ளையாகச் சீவிவிடுவதுதான் முதல் வாரத்து நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணம். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளங்குளம்பு அமுங்கினால் அது ஏற்கெனவே மெல்லியது. சுவரின் விளிம்பை மட்டும் சுற்றிலும் உருட்டி அராவுங்கள். கூர் விளிம்புதான் சிம்பு சிம்பாக உடையும். பழைய ஆணித் துளைகள் கீழே இறங்கி மறைய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை அந்த மட்டத்தில் கொஞ்சம் உடைவது இயல்பு, பார்க்கத்தான் அசிங்கம். கேலி செய்கிறவர்கள் வருவதும் சரியாக அந்த மாதங்களில்தான்.

முதல் மாதம் ஏறி ஓட்ட வேண்டாம். மென்தரையில் நாள் முழுக்கத் திரியவிட்டு, தார்ச்சாலையில் பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் மெதுவியக்கப் படம் எடுத்துப் பாருங்கள். குதிகால் முதலில் தரை தொட்டால் நல்லது. முனை முதலில் தொட்டால் பின்பகுதி வலிக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளித் தெரிகிறதா, குளம்பு சூடாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கும் பழக்கம் வேண்டும். திடீரென ஒரு காலை ஊன்றவே மறுத்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். அது மருத்துவர் வேலை.

தீவனத்தைச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் பாதிதான். கொள்ளும் தவிடும் வெல்லமும் அள்ளிப் போட்டுக் கொழுக்க வைத்த குதிரையை வெறுங்குளம்பில் விட்டால் குதிரை நொண்டும், பழி வெறுங்குளம்பின் மேல் விழும். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிதமிஞ்சினால் குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிடித்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கும், லாமினைட்டிஸ் வரும். லாடம் அந்த வலியைக் கொஞ்ச காலம் மறைக்கும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஃபிராக்கின் இடுக்கில் கருப்பாக நாற்றமடிக்கும் அழுகல் லாடத்திலும் வரும், வெறுங்காலிலும் வரும். தினமும் தோண்டிச் சுத்தம் செய்து, நீர்த்த மயில்துத்தக் கரைசல் விடலாம். அழுக்கை எடுக்காமல் மேலே வேப்பெண்ணெய் பூசுவது அழுகலை மூடிவைப்பதற்குச் சமம்.

நடுவழிகள் இரண்டு. குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்காலில் விழுவதால், முன்னால் மட்டும் லாடம், பின்னால் வெறுங்குளம்பு என்று வைத்துக்கொள்வது. தயங்குகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு, ஆனால் ஆள் தேடும் தொல்லை அப்படியே இருக்கும். மற்றது குளம்புக் காலணி: ஈஸிபூட், கவாலோ, ஸ்கூட் பூட் போன்றவை. ஜல்லிப் பாதைக்கு மட்டும் மாட்டி, வீடு வந்ததும் கழற்றிவிடலாம். சீவிய அன்றே நீளம், அகலம் இரண்டையும் மி.மீ. கணக்கில் அளந்து வாங்க வேண்டும். அரை அளவு பெரிதானாலும் குதிகால் சதையில் உரசிப் புண்ணாகும். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் அளவு தவறினால் மாற்றுவது பெரும்பாடு.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள் விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். இரண்டு வயதிலிருந்தே லாடத்தில் ஓடியவை, பலவற்றுக்கு உள்ளங்குளம்பு மெல்லிசு, முனை நீளம், குதிகால் தாழ்வு. மார்வாரி, கத்தியவாரி போன்ற நாட்டு இனங்கள் நான்கைந்து மாதத்தில் தேறுகிற இடத்தில் இவற்றுக்கு ஒரு வருடம் கேட்கும், ஏனென்றால் முனைப்பக்கச் சுவர் மேலிருந்து புதிதாக வளர்ந்து தரை தொடவே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் ஆகும். ரேக்ளா வண்டிக் குதிரையை வெறுங்குளம்பில் விட்டுப் பார்க்கும் துணிச்சலும் எனக்கு இல்லை. நொக்ரா என்கிற வெண்குதிரையின் வெள்ளைக் குளம்பு பலவீனம், லாடம் இல்லாமல் தாங்காது என்று சந்தையில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நிறத்துக்கும் உறுதிக்கும் சம்பந்தம் இல்லை.

கழற்றிய லாடங்களைத் தூர எறியாமல் எண்ணெய் தடவி வைத்திருங்கள். தீவனம் சரி, சீவல் சரி, காலணியும் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு வருடம் கழிந்தும் குதிரை ஜல்லியைக் கண்டதும் தோளைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறது என்றால், கௌரவம் பார்க்காமல் லாடம் அடித்துவிடுங்கள். கேலி செய்தவர்களே அன்று வந்து காலைப் பிடித்துக்கொள்வார்கள்.