வெளியே 64 ஜிபி, உள்ளே 8: இலவச பென்டிரைவை நம்பாதீர்கள்

ஒரு கருத்தரங்கில் பையோடு சேர்த்து பென்டிரைவ் ஒன்றும் கொடுத்தார்கள். மூங்கில் உறை, அதன்மேல் நிறுவனத்தின் லோகோ, பக்கத்தில் ‘64 ஜிபி’. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? நானும் பார்க்கவில்லை.

அப்பாவின் பழைய ஆல்பங்களை மூன்று வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்திருந்தேன். மொத்தம் 22 ஜிபி. லேப்டாப்பில் இடம் இல்லை என்று எல்லாவற்றையும் இதில் ஏற்றினேன். வினாடிக்கு 3 எம்பிதான் போனது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி, தொட்டால் சுட்டது. ஃபைல் பெயர், அளவு எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தன. முதல் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையதுதான்.

ஒரு மாதம் கழித்து அக்காவிடம் காட்டத் திறந்தால், மூன்றில் ஒரு பங்கு படங்கள்தான் சரியாக இருக்கின்றன. அடுத்தது பாதி முகம், அதன் கீழே சாம்பல் பட்டை. அதற்கப்புறம் ஒன்றும் திறக்கவில்லை.

எஃப்3 என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. டிரைவ் முழுக்க எழுதிவிட்டு, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். தேறியது 8 ஜிபிக்கும் கொஞ்சம் கீழே. டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பில் கை வைத்து, 64 என்று கணினியிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். எட்டு நிரம்பியதும், வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டுத் தொலைத்துவிடும். பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்திலேயே இருப்பதால் அது மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

கொடுத்தவர்களைக் கூப்பிட்டேன். “ஃப்ரீயா குடுத்ததுதானே சார்?” என்றார்கள். அவர்களும் யாரிடமோ மொத்தமாக வாங்கி லோகோ அடித்தவர்கள்தான், ஏமாந்தது தெரியாமலே இருக்கலாம்.

உறையைப் பிளந்தேன். பசுமைப் பெருமை பேசும் அந்த மூங்கிலுக்குள் பசை வைத்து ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. மேஜை டிராயரில் இப்படி வந்தவை இன்னும் எட்டு கிடக்கின்றன. 2 ஜிபி, 4 ஜிபி என்று, ஒவ்வொன்றிலும் யாரும் படிக்காத ஒரு பிடிஎஃப். அதற்காக ஒரு சிப், ஒரு சர்க்யூட் போர்டு, கடைசியில் மின்கழிவு.

வைரஸ் தனிக் கதை. 2017 டிசம்பரில் தைவான் போலீஸே, அதுவும் தகவல் பாதுகாப்பு நிகழ்ச்சியில், பரிசாகக் கொடுத்த 250 டிரைவ்களில் 54-இல் வைரஸ் இருந்தது.

இப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால், எதையும் ஏற்றும் முன்னால் எஃப்3 ஓட்டிவிடுங்கள். நான் ஆல்பத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். இன்றைக்கு 40 படம் முடிந்தது.