டிராவல் டிரெய்லருக்கு டயர் மாற்றிய அனுபவம்

டெக்சாஸில் இருக்கிறோம். வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள எங்கள் டிரெய்லருக்கு இரட்டை ஆக்சில், நான்கு சக்கரம். டயர் அளவு எஸ்டி 225/75ஆர்15; எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்தது. வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, லோட் ரேஞ்ச் (எவ்வளவு பாரம் தாங்கும் என்ற தரம்) 'இ' ரக குட்இயர் எண்டூரன்ஸ் டயர்களைப் போட்டு, சில கோடைகள் ஓட்டியாயிற்று.

பழைய டயர்களில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் வரிகள்) தேயாமல் நன்றாகவே இருந்தது. அப்படியும் ஐ-10 நெடுஞ்சாலையில் ஒன்றின் மேல்பட்டை உரிந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகரத்தைக் கிழித்துவிட்டது. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். வருஷத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கிற வண்டி. டயரின் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் ஆனால் மாற்றிவிடுங்கள். கடையில் 'புதுசு' என்று கொடுப்பதிலும் இதைப் பார்த்தே வாங்குங்கள்.

இதே அளவில் 'டி' ரகம் 65 பிஎஸ்ஐ காற்றில் 2,540 பவுண்டு தாங்கும். 'இ' ரகம் 80 பிஎஸ்ஐயில் 2,830. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 1,160 பவுண்டு கூடுதல். இது ஆடம்பரம் இல்லை. தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், புரியும். அடுப்பு, ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்துச் சக்கரங்களுக்குப் பாரம் எப்போதுமே அதிகம்.

ஆனால் டயர் மட்டும் 80 தாங்கினால் போதாது, ரிம்மும் வால்வும் தாங்க வேண்டும். சாதாரண டிஆர்413 ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். நாங்கள் உலோக வால்வு போட்டு, காற்றழுத்தம் காட்டும் சென்சாரையும் அதிலேயே மாட்டினோம். காலையில் குளிர்ந்த டயரில் 80 வைத்தால் மதியம் 90-ஐத் தாண்டும், வெயில் படும் பக்கம் இன்னும் கொஞ்சம் ஏறும். பயந்து காற்றை இறக்காதீர்கள். அழுத்தம் குறைந்து ஓடும் டயர்தான் சூடாகிக் கெடும்.

கேம்ப்பில் ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் எதிரெதிர்ப் பக்கம் இழுபடும். பழைய டயர்கள் அப்போது பிதுங்கி ரிம்முக்கு வெளியே சாயும். இவை அவ்வளவு வளைவதில்லை. குறை என்றால் விலை அதிகம். ஓட்டமும் கொஞ்சம் முரடு, அலமாரிச் சாமான் கூடுதலாகக் குலுங்குகிறது. வேகக் குறியீடு 'என்', அதாவது மணிக்கு 87 மைல். அதற்காக நான் 65-ஐத் தாண்டுவதில்லை.

மாட்டிய பிறகு முதல் 50 மைலில் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) வைத்து நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஸ்டெப்னியும் பின்னால் தொங்கி அதே வெயிலைத்தான் வாங்குகிறது. வாங்கும்போது ஐந்தாகவே வாங்குங்கள்.