டெல்டாவில் ஏ.ஏ. கூட்டங்கள்: தேடிச் சேர்வதுதான் சிரமம்

குடியை விட்டுவிட வேண்டும் என்று ஒருவருக்கு மனம் வந்துவிட்டால், அது மாறுவதற்குள் அவரை எங்கே அழைத்துச் செல்வது என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிவதில்லை. குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனப்படும் ஏ.ஏ. கூட்டத்தை என் தம்பிக்காகத் தேடி அலைந்து, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் கண்டுபிடித்து, வெளியாரையும் அனுமதிக்கும் திறந்த கூட்டங்களுக்கு அவனோடு நானும் சென்றுவந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வருபவர்கள் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பது அங்குள்ள முதன்மையான கட்டுப்பாடு ஆதலால், ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன்.

தேடும் வேலைதான் பெரும்பாடு. எங்களுக்குக் கிடைத்த பட்டியல் ஒன்று பழையது. அதில் இருந்த இடத்தில் கூட்டம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. இடையில் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில், உள்நோயாளியாகச் சேர்ந்து முன்பணம் கட்டினால்தான் கூட்டத்துக்கு அனுப்ப முடியும் என்றார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, மருத்துவரின் கடிதமும் வேண்டியதில்லை. கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் செவிலியர் ஒருவர். புதிதாகத் தேடுவோர் அங்கே விசாரிக்கலாம்; 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்; குழுக்கள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறைகளிலும் தேவாலய வளாகங்களிலும் கூடுவதால், அவற்றின் அலுவலகங்களிலும் கேட்கலாம். முகவரி கிடைத்த பின்னும், கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாமல், இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அன்று. என் தம்பிக்கு முதலில் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தது; அதன் பிறகே கூட்டம்.

கூட்டம் நடப்பது ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறையில். சிறுவர்கள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு, கொத்தனாரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அறுவடை இயந்திரம் ஓட்டுபவரும் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொன்ன பிறகே பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. அவர்களுள் ஒரு விவசாயி, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறியதாகச் செல்பேசியில் குறுஞ்செய்தி வரும் நாள்தான் தமக்கு மிகக் கடினமான நாள் என்றும், அன்று மனைவியிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்துவிடுவதாகவும் சொன்னார். அவர் அனுமதி பெற்றே இதைக் குறிப்பிடுகிறேன். முதல் நாள் தலை குனிந்தே இருந்த என் தம்பியிடம் பெரியவர் ஒருவர், "தம்பி, இன்னைக்கு ராத்திரி படுக்கப் போற வரைக்கும் குடிக்காம இருங்க, அது போதும். நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். வீட்டில் நாங்கள் எத்தனையோ முறை சத்தியம் வாங்கியிருக்கிறோம். அவற்றால் ஆகாதது இந்தச் சொல்லால் ஆயிற்று என்றே நினைக்கிறேன், ஏனெனில் சொன்னவரும் ஒரு காலத்தில் அதே நிலையில் இருந்தவர். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் ஏ.ஏ.வைத் தொடங்கியதும், குடித்தவன் பேச்சையே குடித்தவன் கேட்பான் என்ற இதே அடிப்படையில்தான்.

செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், விரும்பியவர் போடலாம். வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை என்பது அவர்கள் மரபு.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது சிலருக்குத் தடையாக இருக்கலாம். சுயமரியாதை இயக்கம் வேரூன்றிய மண்ணில் இது சிறிய விஷயம் அன்று. என் தம்பியும் நம்பிக்கை இல்லாதவனே. நாம் புரிந்துகொண்ட வகையிலான கடவுள் என்று அந்தப் படிகளில் வருவதால், குழுவையே தன்னினும் பெரிய சக்தியாகக் கொள்ளலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். பிரார்த்தனையின்போது அவன் பேசாமல் எழுந்து நிற்கிறான், யாரும் வற்புறுத்தியதில்லை.

இது வெறும் நம்பிக்கைதானா என்று கேட்போருக்கு: 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்டது. நோயாளிகளை முறைப்படி ஏ.ஏ.வில் ஈடுபடுத்தும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சிறந்து நிற்கின்றன என்பது அதன் முடிவு.

குறைகளும் உண்டு. கூட்டம் இரவு எட்டரை மணிக்கு முடிவதால், உள்கிராமத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்து கிடைப்பது சந்தேகம். நான் சென்ற நாள்களில் குடிநோயாளியாக ஒரு பெண்கூட வரவில்லை. வந்தால் அத்தனை ஆண்களுக்கு நடுவே மனம் திறந்து பேச முடியுமா என்பதும் ஐயமே. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இயங்கிவந்தாலும், எங்களுக்கு அருகில் அதன் குழு அமையவில்லை. திறந்த கூட்டம் முடிந்ததும் பள்ளித் தாழ்வாரத்தில் மனைவிமாரும் தாய்மாரும் சிறிது நேரம் நின்று பேசிக்கொள்கிறோம். அதையே ஒரு குழுவாக முறைப்படுத்த இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். அடுத்த திறந்த கூட்டத்தன்று அதற்காக ஒரு வகுப்பறையைக் கேட்டு வைத்திருக்கிறோம்.